வேப்பமரத்துக்கு இடது பக்கம்

காட்டூர்,
6.7.2025, ஞாயிறு

இயேசு மரி சூசை

அன்புள்ள ரோசரிக்கு,

அன்புள்ளன்னு எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் பேனாவைக் கைல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். எழுதிட்டேன். பிடிக்கலைன்னா அந்த ஒரு வார்த்தையை அடிச்சுட்டு மத்ததைப் படி.

போன் பண்ணச் சொல்லி டெல்பின் உன் நம்பர் குடுத்தா. எனக்கு இப்ப காது சுத்தமாப் போச்சு. முப்பத்தாறு வருஷம் பாக்டரில சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவுல நின்ன காது, வேற எப்படி இருக்கும். நம்ம பொண்ணு பேசறதே எனக்குப் பாதி புரியறதில்லை, நீ போன்ல பேசுனா ஒண்ணும் புரியாது. நீ பேசவும் மாட்டே. அதான் கடுதாசி.

விஷயத்துக்கு வர்றேன். புத்தூர் வாய்க்கால் கரைல நாம போவோமே ஒரு பார்க்கு, அதைப் பிரிச்சுப் புதுசாக் கட்டப் போறாங்க. மண்ணு, புல்லு எதுவும் இருக்காதாம். முழுக்க சிமெண்டுக் கல்லு. அக்டோபர்ல பதிக்க ஆரம்பிப்பாங்கன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கு.

உன் தாலிச் செயின் அங்கதான் விழுந்துச்சுன்னு நீ சொன்னே. தொண்ணூத்தேழு மே மாசம். ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு மூணு பேரும் போனோம், டெல்பினுக்கு ஆறு வயசு. திரும்பி வர்றப்ப பஸ்ல கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு நீ வெளுத்துப் போய் உக்காந்துட்டே. ரெண்டு நாள் தேடுனோம். அதுக்கப்புறம் நான் என்ன பேசுனேன், என்ன பண்ணுனேன்னு எழுதக் கை வரலை. உனக்கு எல்லாம் தெரியும். இருபத்தெட்டு வருஷமா நீ ஸ்ரீரங்கத்துல, நான் இந்தப் பக்கம்.

பாலக்கரைல காயலாங்கடை வச்சிருக்கிற ஹாலித் பாய் ஒரு மெஷின் வச்சிருக்கார். நீளமா ஒரு கம்பு, நுனில தட்டு மாதிரி. மண்ணுக்குள்ள இரும்பு, செம்பு, தங்கம் எது கிடந்தாலும் கத்தும். கத்தறது எனக்குக் கேக்காது. ஆனா கைப்பிடிகிட்ட ஒரு முள்ளு ஆடும், அதைப் பார்த்துக்கிட்டே போனாப் போதும். பழைய காசு, பழைய பொருள் தேடறேன்னு சொல்லி இன்ஜினியர்கிட்ட எழுத்துலயே அனுமதி வாங்கிட்டேன். கிடைக்கறதைத் தாசில்தார் ஆபீஸ்ல ஒப்படைச்சிரணும், அதான் கண்டிஷன்.

பார்க்கு பெருசு. அன்னிக்கு நீ எங்க உக்காந்திருந்தேன்னு மட்டும் எழுது. கல்லு பதிக்கறதுக்குள்ள அதை எடுத்து உன் கைல குடுத்துட்டா எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
12.7.2025

திரு. அற்புதசாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்ன வார்த்தையை அடிக்கவில்லை. கணக்கு நோட்டுகளில் முப்பத்திரண்டு வருஷம் தப்பை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. ரிடையர் ஆன பிறகாவது சும்மா இருக்கிறேனே.

செயினைத் தேட வேண்டாம். நான் கேட்கவில்லை.

எழுதக் கை வரவில்லை என்று நழுவுகிறீர்கள். எனக்கு வருகிறது. அந்த மாசம் என் தம்பி ஜோஸுக்குக் குவைத் விசா வந்தது. செயினை அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப் போனீர்கள். காணாமல் போனதைக் காட்டிக் கொடுக்கிற புனிதர் என்று அத்தனை சனமும் வந்து நிற்கிற இடம். அத்தனை பேருக்கும் முன்னால் என் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துச் சத்தியம் பண்ணச் சொன்னீர்கள். பண்ணினேன். என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட உங்களோடு இருந்திருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் டெல்பின் என் மடியில் தூங்குகிறாள். நீங்கள் குனிந்து என் காதில், "இப்பவாவது சொல்லு, ஜோஸ்கிட்டதானே குடுத்தே?" என்று கேட்டீர்கள். மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கோயிலில் வைத்துக் கட்டியது, பிரிக்க முடியாது என்றார் பங்குச்சாமியார். பிரிக்க வேண்டாம், நான் தனியாக இருந்துகொள்கிறேன் என்றேன். இருந்துவிட்டேன். போன வருஷம் ஜோஸ் செத்தபோது நீங்கள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கடைசி வரைக்கும் உங்கள் கணக்கில் அவன் திருடன்தான்.

இப்போது மெஷின் ஆடினால்தான் நான் யோக்கியம், ஆடாவிட்டால் இல்லை, அப்படித்தானே? வயசான காலத்தில் வெயிலில் அலையாமல் வீட்டில் இருங்கள். இது பற்றி டெல்பினிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ரோசரி


காட்டூர்,
20.7.2025

இயேசு மரி சூசை

ரோசரிக்கு,

நீ எழுதுனது அத்தனையும் நிஜம். ஒரு எழுத்துகூட மறுக்க மாட்டேன். மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை சாப்பாட்டை மூடி வச்சுட்டேன்.

ஆனா ஒண்ணு. நீ பதில் போட்டதே எனக்குப் பெருசு. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் அதே மாதிரி கோடு போட்ட மாதிரி எழுதறே.

ஏன் உன்னை நம்பலைன்னு நானே என்னைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஜோஸ் மேல எனக்கு எரிச்சல். அதான் நிஜம். அவன் வந்தா நீ அடுப்படிலேருந்தே சிரிச்சுக்கிட்டு வருவே. நான் ஷிப்ட் முடிச்சு வந்தா சாப்பாடு எடுத்து வச்சுட்டு நோட்டு திருத்தப் போயிருவே. சின்னப் புத்தி, வேற என்ன சொல்ல. செயின் காணாமப் போனப்ப அந்த எரிச்சலுக்கு ஒரு காரணம் கிடைச்சுது. பிடிச்சுக்கிட்டேன்.

நீ வேண்டாம்னு சொன்ன பிறகும் ஆரம்பிச்சுட்டேன். திட்டாதே. காலைல ஆறு மணிக்குப் போயிருவேன், வெயில் ஏறுனா வந்துருவேன். மொத வாரம் பூரா சோடா மூடியும், சிகரெட் பாக்கெட் ஜிகினாவும்தான். அப்புறம் ஒரு குதிரை லாடம் கிடைச்சுது, கைல எடுத்தா உதிருது. ஒரு பித்தளைப் பொத்தான், துப்பாக்கிக் குண்டு மாதிரி ரெண்டு ஈய உருண்டை. வெள்ளைக்காரன் காலத்துல அங்க பட்டாளம் கூடாரம் போட்டிருக்கும்னு வாக்கிங் வர்ற பிச்சமுத்து சார் சொன்னார். எல்லாரும் என்னைப் புதையல் தாத்தான்னு கூப்பிடறாங்களாம். கூப்பிடறது எனக்குக் கேக்காது, பிச்சமுத்து சார் பேப்பர்ல எழுதிக் காட்டுனார். போலீஸ்காரர் ஒருத்தர் வந்து விசாரிச்சுட்டுக்கூடப் போனார். இன்ஜினியர் குடுத்த பேப்பரைக் காட்டுனேன்.

பழைய பொருள் கிடைக்கறப்ப எல்லாரும் கூடி நின்னு பார்க்கறாங்க. எனக்கு மட்டும் ஒவ்வொண்ணும் ஏமாத்தம். முள்ளு ஆடுனதும் நெஞ்சு அடிக்குது, தோண்டுனா யாரோ ஒரு சிப்பாயோட பொத்தான்.

நெஞ்சு வலி இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். பயமுறுத்தறேன்னு நினைக்காதே. எந்த இடம்னு சொன்னா அலைச்சல் மிச்சம். டெல்பின்கிட்ட பேச மாட்டேன். அவ கிறிஸ்மஸுக்கு மஸ்கட்லேருந்து புள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றா, அதுக்குள்ள இது முடிஞ்சா நல்லதுன்னுதான் பார்க்கிறேன். ஜோஸ் மேல போட்ட பழியையும் அவ முன்னாடியே எடுத்துரணும்.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
3.8.2025

திரு. அற்புதசாமி அவர்களுக்கு,

இன்றைக்குப் பதினெட்டாம் பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் நடக்கவே முடியவில்லை, அதனால் வெளியே போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழ் வீட்டிலிருந்து சித்திரான்னம் கொடுத்தார்கள்.

நெஞ்சு வலியை வைத்துக் காரியம் சாதிப்பது உங்கள் அம்மாவின் பழக்கம். உங்களுக்கும் வந்துவிட்டது. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சொல்கிறேன். நாம் உட்கார்ந்தது பெரிய வாசல் பக்கம். உள்ளே நுழைந்ததும் தண்ணீர் ஓடாத நீரூற்று ஒன்று இருக்கும், அதைத் தாண்டி வேப்பமரம். மரத்துக்கு இடது பக்கம் பத்தடிக்குள் பாருங்கள். அதற்கு வெளியே போகவேண்டிய அவசியம் இல்லை.

அந்த இடத்தில் கிடைக்காவிட்டால், யாரோ அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். மெஷினை ஹாலித் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வாக்கை எனக்குக் கொடுங்கள். உங்கள் வாக்கை நம்புகிறேன், என்னைப் போல் மெழுகுவர்த்தி எல்லாம் பிடிக்க வேண்டாம்.

ஜோஸ் மேல் போட்ட பழியை டெல்பின் முன்னால் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ரோசரி


காட்டூர்,
31.8.2025

இயேசு மரி சூசை

ரோசரிக்கு,

நாலு வாரம். வேப்பமரத்துக்கு இடது பக்கம் பத்தடி என்ன, இருபதடி வரைக்கும் ஒரு சாண் விடாமப் பார்த்துட்டேன். செம்புக் காசு மூணு கிடைச்சுது. ஒண்ணுல தராசு மாதிரி ஒரு படம், கும்பெனிக் காசுன்னு சொல்றாங்க. தாசில்தார் ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கி வச்சிருக்கேன். அங்க இருந்த பொண்ணு, "ஐயா, இந்தக் காலத்துல கிடைச்சதைக் கொண்டு வந்து குடுக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்"னு எழுதிக் காட்டுனா. எனக்குச் சந்தோஷமாவே இல்லை.

நான் வாக்குக் குடுக்கலை, கவனிச்சியா? நீ கேட்டே, நான் பதிலே போடலை. குடுத்துட்டு மீற வேண்டாம்னுதான்.

நேத்து டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சப்ப ஒரு போட்டோ கிடைச்சுது. அன்னிக்கு எடுத்ததேதான். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன கேமராவுல நான் எடுத்தேனே. நீ புல்லுல கால் நீட்டி உக்காந்திருக்கே. கழுத்துல செயின் தெரியுது, ரோசரி. புறாப் போட்ட தாலிகூடத் தெரியுது. டெல்பின் உன் மடில படுத்து அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கா. உனக்குப் பின்னாடி சிமெண்டுல கட்டுன யானைச் சறுக்கு. வாசலும் இல்லை, வேப்பமரமும் இல்லை. யானைச் சறுக்கு பார்க்கோட அந்தக் கடைசில வாய்க்காலை ஒட்டி இருக்கு.

இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, யாருக்குத்தான் இடம் ஞாபகம் இருக்கும். உன்மேல தப்பில்லை. நாளைலேருந்து யானைச் சறுக்குப் பக்கம் பார்க்கிறேன். அந்த மூலையைத்தான் மொதல்ல இடிக்கப் போறாங்களாம்.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
4.9.2025

டெல்பின் அப்பாவுக்கு,

யானைச் சறுக்குப் பக்கம் போகாதீங்க. காரணம் கேக்காதீங்க. உங்ககிட்ட இத்தனை வருஷத்துல நான் எதுவும் கேட்டதில்லை. ஜீவனாம்சம் கேட்டதில்லை, பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீங்களா வந்து நின்னீங்க, நான் கூப்பிடலை. இது ஒண்ணு கேக்கறேன். மெஷினைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க.

இதை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறேன்.

ரோசரி


காட்டூர்,
14.9.2025

ரோசரி,

உன் கடுதாசி வர்றதுக்கு முந்தின நாளே எடுத்துட்டேன்.

யானையோட பின்னங்காலுக்கு ஒட்டி, முக்கால் முழ ஆழம். முள்ளு ஒரே அடியாச் சாஞ்சுது. கையால மண்ணை விலக்குனேன். தகர டப்பா, ஜியாமெட்ரி பாக்ஸ். மூடி துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு, ஆனா மேல காம்பஸ் முனைல கீறி எழுதியிருக்கிறது நல்லாத் தெரியுது. ஆர். ரோசரி, எட்டாம் வகுப்பு. உன் பாக்ஸ். வீட்டுல அலமாரில கிடந்ததை நான் பார்த்திருக்கேன்.

திறந்தேன். செயின் அப்படியே இருக்கு. தங்கம் தங்கமாவே இருக்கு. கொக்கிகிட்ட அறுந்திருக்கு. புறாத் தாலி இருக்கு. கூட ரெண்டு துண்டு பல்பம், அரிசி மாதிரி ஒரு வெள்ளைக் கல்லு.

விழுந்த செயின் டப்பாவுக்குள்ள போய் மூடிக்கிட்டு மண்ணுக்குள்ள எறங்குமா? உன் பெயர் போட்ட டப்பா. நீ கணக்கு டீச்சர், வாசல் பக்கம் வேப்பமரம் பத்தடின்னு அளந்து சொன்னே. இடம் மறந்தவ அப்படிச் சொல்ல மாட்டா. வேணும்னே என்னை வேற பக்கம் அனுப்பியிருக்கே. யானைச் சறுக்குன்னதும் ஸ்பீட் போஸ்ட் போட்டே.

நீயே புதைச்சு வச்சியா? என்னை விட்டுப் போறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு பண்ணுனியா? அப்ப அந்தோணியார் முன்னாடி பண்ணுன சத்தியம்? ரெண்டு மாசமா உன் முன்னாடி கூனிக் குறுகி எழுதிக்கிட்டிருக்கேனே, இத்தனை வருஷமும் நான்தான் பாவின்னு நினைச்சு வாழ்ந்தேனே. பதில் சொல்லு.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
17.9.2025

டெல்பின் அப்பாவுக்கு,

இத்தனை வருஷம் கழிச்சும் உங்களுக்கு மொதல்ல தோணுனது நான்தான். சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதேன், அதையும் சொல்லிடறேன்.

டப்பாவைத் திரும்பப் பாருங்க. அந்த வெள்ளைக் கல்லை உள்ளங்கைல வச்சுப் பாருங்க. அது கல்லு இல்லை. நம்ம பொண்ணோட முதல் பல்லு.

அன்னிக்குக் காலைலதான் விழுந்தது. மண்ணுல புதைச்சா புதுப் பல்லு முளைக்கும், பார்க்குல புதைக்கலாம்னு நான்தான் சொன்னேன். என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ்லதான் அவ விளையாட்டுச் சாமானெல்லாம் போட்டு வச்சிருப்பா. பல்லையும் அதுலயே போட்டு எடுத்துட்டு வந்தா. மதியம் நான் புல்லுல அசந்து தூங்கிட்டேன், நீங்க கடலை வாங்கப் போனீங்க. செயினைப் பிடிச்சு இழுத்திருக்கா, அறுந்துபோச்சு. ஆறு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும். பல்லைப் புதைச்சா பல்லு முளைக்குதுல்ல, அறுந்த செயினையும் சேர்த்துப் புதைச்சா நல்ல செயினா முளைச்சு வரும்னு நினைச்சிருக்கா. அப்புறம் நாம ரெண்டு பேரும் போட்ட சண்டையைப் பார்த்துட்டு வாயைத் திறக்கலை.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. நான் பண்ணுன சத்தியம் சுத்தமான சத்தியம். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நான் பழகிட்டேன்.

மூணு வருஷம் கழிச்சு அவளுக்கு முதல் நற்கருணை. முதல்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்ல, பாவத்தையெல்லாம் பேப்பர்ல எழுதிட்டு வரச் சொன்னாங்க சிஸ்டர். எழுத்துப்பிழை இருக்கான்னு பார்க்க நான் வாங்கிப் படிச்சேன். பொய் சொன்னேன், பென்சில் எடுத்தேன், ஜெபமாலைல தூங்கினேன். நாலாவது வரில, அம்மா செயினைப் புதைச்சேன், அதனாலதான் அப்பா நம்மகூட இல்லை.

ஒன்பது வயசுப் புள்ளை எழுதுனது. அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு அடுப்படில நின்னது இன்னும் அப்படியே இருக்கு எனக்கு.

அடுத்த நிமிஷம் சிரிச்சேன். "அடி அசடு, அது கவரிங் செயின்டி. அம்மாவோட நிஜச் செயின் வேற எங்கயோ விழுந்துச்சு. அப்பா நம்மகூட இல்லாததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு சொன்னேன். அவ மூஞ்சி தெளிஞ்சதைப் பார்த்திருக்கணும் நீங்க. அந்த வரியை அவளே அடிச்சா. அதுக்கப்புறம் ராத்திரி தூக்கத்துல பினாத்தறதும் நின்னுபோச்சு.

மறுவாரம் கைப்பைல ஒரு கரண்டியைப் போட்டுக்கிட்டு பார்க்குக்குப் போனேன். யானைச் சறுக்குப் பக்கத்துல அரை மணி நேரம் நின்னேன். எடுத்து உங்க மூஞ்சில எறியணும்னு அவ்வளவு ஆத்திரம். ஆனா நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும். எங்க இருந்துச்சு, யாரு வச்சா, எதுக்கு வச்சா. சும்மா விட மாட்டீங்க. அந்தப் புள்ளை கைலயும் மெழுகுவர்த்தியைக் குடுத்திருப்பீங்க. எடுக்காம வந்துட்டேன்.

ஜோஸுக்கு மட்டும் சொன்னேன். பழி அவன் மேலயும்தானே இருந்தது. அவன், "கொழந்தை தலைல வேண்டாங்கா, என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்"னான். அப்படியேதான் செத்தான்.

இப்பக் கேக்கறேன். டெல்பின் வர்றப்ப அந்தச் செயின் உங்க கைலயோ என் கைலயோ இருக்கக் கூடாது. எங்க கிடைச்சுதுன்னு கேப்பா. டப்பாவைப் பார்த்தா கேக்கவே வேண்டாம், அவளே புரிஞ்சுக்குவா. அது கவரிங் இல்லைன்னும் புரிஞ்சுக்குவா.

இனி உங்க பாடு.

ரோசரி


காட்டூர்,
8.10.2025

இயேசு மரி சூசை

ரோசரிக்கு,

மூணு வாரமாப் பதில் எழுத முடியலை. எழுதி எழுதிக் கிழிச்சேன். மன்னிச்சிருன்னு எழுதுனா, பஸ்ல கால் மிதிச்சதுக்குச் சொல்ற மாதிரி இருக்கு.

பல்லைப் பார்த்தேன். உள்ளங்கைல வச்சுக்கிட்டே ஒரு பகல் பூரா உக்காந்திருந்தேன். என்னைப் பெத்தவங்க செத்தப்பகூட நான் அப்படி அழலை.

அந்தப் புள்ளை கைலயும் மெழுகுவர்த்தியைக் குடுத்திருப்பீங்கன்னு எழுதியிருந்தே. இல்லைன்னு சொல்லத்தான் மொதல்ல பேனாவை எடுத்தேன். சொல்ல முடியலை. குடுத்திருப்பேன். அப்ப இருந்த ஆளு குடுத்திருப்பான்.

போன வாரம் யானையை இடிச்சு அள்ளிட்டாங்க. மண்ணைச் சமப்படுத்திக்கிட்டிருந்தாங்க. மேஸ்திரி சின்னையா நல்ல மனுஷன். ஒரு சின்ன வேண்டுதல், ஒரு பொருளை இங்க வைக்கணும்னு சொன்னேன். ஏதோ சாமி காரியம்னு நினைச்சு செருப்பைக் கழட்டிட்டுத் தள்ளி நின்னுக்கிட்டார். செயின், தாலி, பல்பம் எல்லாத்தையும் இருந்தபடியே டப்பால வச்சேன். பல்லை மட்டும் நான் வச்சுக்கலாமான்னு தோணுச்சு. முளைக்கணும்னு புள்ளை வச்சது, அதை எடுக்க நான் யாரு. அதையும் உள்ள வச்சு மூடுனேன். இடுப்பளவு ஆழத்துல எறக்கி மண்ணைப் போட்டு நானே மிதிச்சேன். மேல ஜல்லி கொட்டி, சாயங்காலத்துக்குள்ள கல்லு பதிச்சுட்டாங்க. மெஷினை ஹாலித் பாய்கிட்ட குடுத்தாச்சு.

அப்புறம் நேத்து செவ்வாய்க்கிழமை. நவநாளுக்குப் போனேன். கடைசில சாட்சி சொல்றவங்க வரிசையா நிப்பாங்கல்ல, வேலை கிடைச்சுது, நகை கிடைச்சுதுன்னு. அந்த வரிசைல நின்னேன். என் முறை வந்தப்ப மெழுகுவர்த்தியைக் கைல பிடிச்சுக்கிட்டு மைக்ல சொன்னேன். தொண்ணூத்தேழுல இதே இடத்துல என் பொஞ்சாதியைச் சத்தியம் பண்ண வச்சேன். அவ சொன்னது உண்மை. அவ தம்பியும் சுத்தமானவன். நான்தான் நம்பலை, தப்பு என்னுது. நான் எவ்வளவு சத்தமாப் பேசுனேன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, அதனால கத்தியிருப்பேன்னு நினைக்கிறேன்.

மெழுகுவர்த்தி எடுத்துக் குடுக்கிற கோயில்பிள்ளை வந்து என் காதுகிட்ட வாயை வச்சு, செயின் கிடைச்சிருச்சான்னு கேட்டார். மைக்லயே பதில் சொன்னேன்.

"கிடைக்கலை. அவ சொன்னா, அது போதும்."

அந்தோணியார் முன்னாடி பொய் சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும், நீயும் நானும் எதுக்காகச் சொன்னோம்னு.

கூட வந்து இருன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா கேக்காமச் செத்துட்டா அதுவும் கிடந்து அரிக்கும். அதனால கேட்டுட்டேன்னு வச்சுக்க.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
28.12.2025

டெல்பின் அப்பாவுக்கு,

உங்கள் அக்டோபர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கிறிஸ்மஸ் அன்றைக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அப்போதும் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை செந்தமிழன் உங்கள் தட்டில் கறி வைத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் இளைத்துவிட்டீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில், வர முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் நீங்கள் மைக்கில் பேசிய அன்றைக்கே போய்விட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வந்திருந்த ஆபிரகாம் டீச்சர் அப்படியே வந்து சொன்னார், சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் ஜோஸ் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லிட்டாருடா என்று சொன்னேன். அவன் இருந்து கேட்டிருக்க வேண்டும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் சேர்ந்து இருப்பதற்கு ஒரு வயசு இருந்தது, அது போய்விட்டது. தனியாகவே எழுந்து, தனியாகவே காபி போட்டுக் குடித்து, இப்போது இன்னொருவர் செருப்புச் சத்தம் வீட்டில் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கும். மாசம் ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் போடுவேன். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் அந்தப் பார்க்குக்குப் போனோமே, பேத்தி அறிவுமதி முன்னால் ஓடினாள், அவள் விழுந்துவிடப் போகிறாள் என்று நீங்கள் பின்னாலேயே போனீர்கள். வாக்கிங் வந்த ஒருவர் உங்களைப் புதையல் தாத்தா என்றதும், இங்கே என்னப்பா தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று டெல்பின் உங்கள் காதருகில் வந்து கேட்டதற்கு, பழைய காசு என்று நீங்கள் கையால் வட்டம் போட்டுக் காட்டினீர்கள். அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியாது.

யானைச் சறுக்கு இருந்த மூலைக்கு வந்ததும் அறிவுமதி திரும்பி ஓடி வந்து, ஆடிக்கொண்டிருந்த பல்லைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு டெல்பின் அந்தக் கல்தரையைக் காலால் தட்டிவிட்டு மகளிடம் சொன்னாள். "இங்கதாண்டி எங்கேயோ நான் என்னோட முதல் பல்லைப் புதைச்சேன். கூட பாட்டியோட கவரிங் செயின் ஒண்ணு. செயின் முளைக்கும்னு நினைச்சேன், அவ்வளவு லூசு நான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் நாலடி முன்னால் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரோசரி